ஏழாம் லைன் மிதுனாவுக்குச் சொல்லிக்கொடுத்தது

காட்டுப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் ஏழாம் நம்பர் லைன் என்று ஒன்று உண்டு, பன்னிரண்டு வீடு, ஒரே தகரக் கூரை, ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பன்னிரண்டு வீட்டிலும் தும்முவார்கள். அந்த லைனின் நாலாவது வீட்டுச் செல்லக்கனி ஒரு திங்கட்கிழமை காலையில் தன் மகள் மிதுனாவுக்கு ‘அ’ எழுதச் சொல்லிக்கொடுத்தாள், அன்றைக்குச் சாயங்காலமே செல்லக்கனிக்கு ‘அ’ மறந்துபோனது. மறதி என்றால் வைத்த சாவியை மறக்கிறோமே, அந்த மாதிரி இல்லை. சுத்தமாகப் போய்விட்டது. அரிசிப் பையில் அச்சடித்திருந்ததைப் பார்த்தாள், மற்ற எழுத்தெல்லாம் அதனதன் இடத்தில் இருக்க, அந்த ஒன்று மட்டும் கோழி கிளறிய மண் மாதிரி வெறும் கோடாகக் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை ‘ஆ’ போனது, புதன்கிழமை ‘இ’ போனது, ஒன்றரை மாசத்தில் எழுத்து மொத்தமும் தாயைவிட்டு மகளிடம் குடிபோய்விட்டது. எட்டாவது படித்தவள், பஸ் போர்டைப் பார்த்து லைனுக்கே படித்துச் சொல்கிறவள், இப்போது பஸ் வந்து நின்றால் எங்கே போகிறது என்று கண்டக்டரைக் கேட்டாள். மிதுனாவோ நாலு வயசு முடியுமுன்னே சோப்பு உறை, தீப்பெட்டி, மாத்திரை அட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டு திரிந்தாள். செல்லக்கனி பக்கத்து வீட்டு ரோசம்மாவிடம் போய்ச் சொன்னாள். ரோசம்மா முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, பிள்ளை சூட்டிகை, இருக்கிறதை எடுத்துக்கொள்கிறது, அதற்கு நீ என்ன செய்வாய் என்றாள். சளி பிடித்திருக்கிறது என்று சொன்னால்கூட இதைவிடக் கொஞ்சம் பதறியிருப்பாள்.

பால்வாடிக்கு அனுப்பவேண்டியதுதானே, வீட்டில் வைத்து ஏன் இந்தப் பாடு என்று நீங்கள் கேட்பீர்கள். லைனில் யாரும் அதைக் கேட்கவில்லை. செல்லக்கனிக்கே காரணம் தெரியாது. பால்வாடிப் பாதை என்று யாராவது சொன்னால் அவள் கை தானாக மிதுனாவைத் தேடும், என் பிள்ளைக்கு நான் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துக்கொள்கிறேன் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். காரணம் லைனில் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரியும். உங்களிடம் மறைக்க எனக்கு என்ன இருக்கிறது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மிதுனாவுக்கு முன்னால் செல்லக்கனிக்கு ஒரு பெண் இருந்தாள். பெயர் சுபிக்ஷா, இரண்டாம் வகுப்பு, இரட்டைச் சடை, முன் பல் இரண்டும் விழுந்து முளைக்காமல் இருந்தவள். பள்ளிக்கூடமும் பால்வாடியும் ஒரே காம்பவுண்டில், லைனிலிருந்து தேயிலைக்குள்ளே இரண்டு மைல். சிறுத்தை நடமாடுகிற பாதை என்பதால் ஏழாம் லைனில் ஒரு முறை வைத்திருந்தார்கள்: பிள்ளைகள் ஒன்றாகத்தான் போகவேண்டும், வீட்டுக்கு ஒரு நாள் என்று ஒரு பெரிய ஆள் பின்னால் சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டிக்கொண்டே போய்ப் பள்ளிக்கூட கேட்டில் விட்டுவிட்டு வரவேண்டும், சாயங்காலமும் அதேபோல் போய்க் கூட்டிவரவேண்டும். ஆனால் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது, அங்கே நின்றால் பள்ளிக்கூடத்தின் சிவப்புக் கூரை தெரியும். கூரை தெரிந்தால் பள்ளிக்கூடம் வந்த மாதிரிதானே என்று, மஸ்டரில் பெயர் கொடுக்க நேரமாகிவிட்டது என்று, பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் அந்த வளைவிலேயே திரும்பிவிடுவார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆன அன்றைக்குச் செல்லக்கனியின் முறை. வளைவிலிருந்து கேட்டுக்கு முந்நூறு அடி, மூடுபனி, பிள்ளைகள் வரிசையில் கடைசியாகப் போனது சுபிக்ஷா. தட்டோடு தாய் கடைசியில் வந்ததால் மகளும் தாயை ஒட்டிக் கடைசியில் நடந்தாள், தாய் திரும்பின பிறகும் அதே இடத்திலேயே நடந்தாள், சிறுத்தைக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு மாசம் செல்லக்கனி தூங்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் அப்போது இரண்டரை வயசான மிதுனாவுக்கு ரசம்சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா எங்கே என்று குழந்தை கேட்டது. ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் நடுவில், கதை சொல்கிற குரலில், முதலிலிருந்து முடிவுவரை செல்லக்கனி எல்லாவற்றையும் சொன்னாள். மிதுனா தன் மழலையில் அதை வரி பிசகாமல் திருப்பிச் சொன்னது. செல்லக்கனி குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள், மூலையில் இருந்த பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு ரோசம்மா வீட்டு வாசலுக்கு வந்தாள், யார் வீட்டுப் பிள்ளையோ நம்ம வீட்டில் பையை விட்டுவிட்டுப் போயிருக்கிறது அக்கா, பாருங்க என்றாள். ரோசம்மா செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். எங்க அண்ணன் மகளுதுதான் என்று சொல்லிப் பையை வாங்கி உள்ளே வைத்தாள். அன்று சாயங்காலம் குழாயடியில் லைன் கூடியது. கொழுந்து லாரி ஓட்டுகிற செல்லக்கனியின் புருஷன் இசக்கிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். “அவளாவது தூங்கட்டும்” என்றான். சுவரில் இருந்த போட்டோவைக் கழற்றினான், சட்டையும் செருப்பும் ரோசம்மா வீட்டுப் பரணுக்குப் போயின, அதற்கப்புறம் அந்தப் பெயரை யாரும் அந்த லைனில் வாய்விட்டுச் சொல்லவில்லை. மிதுனாவும் சொல்லவில்லை, அதுதான் ஆச்சரியம், அவ்வளவு வாய் பேசுகிற பிள்ளை.

ஆக, மிதுனாவின் முதல் பாடம் ‘அ’ இல்லை. அது இரண்டாவது.

இப்போது பிரச்சினை என்னவென்றால் பிள்ளைக்குப் படிப்பில் அப்படி ஒரு ஆசை. கண் விழித்ததும் முகம் கழுவுமுன்னே, இன்னைக்கு என்ன பாடம்மா என்று வந்து நிற்கும். செல்லக்கனி நல்லதாக, பிள்ளையை நோகடிக்காததாக, தன்னையும் மொத்தமாகக் காலி செய்யாததாக ஒரு படிப்பைத் தேட ஆரம்பித்தாள். கோயம்புத்தூரில் ஒரு அம்மாள் வீட்டிலிருந்தே படிக்கிற சின்னப் பிள்ளைகளுக்குப் போன் வழியாக வகுப்பு நடத்துகிறாள், அடி கிடையாது, அதட்டல் கிடையாது, தினம் இருபது நிமிஷம் பாட்டும் விளையாட்டும்தான் என்று இசக்கிமுத்து விசாரித்து வந்தான். தபாலில் ஒரு பெட்டி வந்தது, மரமணி, வண்ண அட்டை, பஞ்சு முயல். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல், அங்கே ஸ்டூல் போட்டு மிதுனாவை உட்கார்த்தினார்கள். அந்த அம்மாள் சிரித்த முகமாகத் தவளைப் பாட்டு ஒன்று பாடினாள், மிதுனா உடனே அப்படியே திருப்பிப் பாடியது, அந்த அம்மாள் இரண்டாந்தடவை பாட வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். ஒரு நிமிஷம் என்றாள். பிறகு படம் அணைந்துவிட்டது. மறுநாளிலிருந்து அந்த வகுப்பு நடக்கவில்லை. முன்பே பதிவுசெய்திருந்த பழைய பாடங்களை அனுப்பினார்கள், ஆனால் மிதுனா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்குள்ள யாருமே இல்லையேம்மா என்று கீழே வைத்துவிட்டது.

சரி, புத்தகம் வேண்டாம், கைவேலையாக இருக்கட்டும் என்று செல்லக்கனி பூண்டு உரிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு, இதை எந்தப் பக்கமிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றாள். துணி மடிக்கச் சொல்லிக்கொடுத்தாள், அதற்கப்புறம் அவள் புடவைகள் கொடியிலிருந்து சுருட்டியபடியே பெட்டிக்குப் போயின. இப்படியே போனால் ஒரு நாள் கொழுந்து பறிக்கவும் சொல்லிக்கொடுத்துவிடுவோம், அப்புறம் எதைத் தின்பது என்று பயம் வந்து, ஒரு வாரம் பாடத்தையே நிறுத்தினாள். மிதுனா வாசற்படியில் போய் உட்கார்ந்தது. அழவில்லை, அடம்பிடிக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, நான் என்ன தப்பும்மா பண்ணேன் என்று கேட்டது. செல்லக்கனி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ரோசம்மா வீட்டுக்குப் போனாள்.

அப்போதுதான் ரோசம்மா அந்த யோசனையைச் சொன்னாள். உனக்கு வேண்டியதையெல்லாம் நீ ஏன் கொடுக்கிறாய், வேண்டாத பாடம் எங்களிடம் எவ்வளவோ கிடக்கிறது, நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம் என்றாள். மறுநாள் செல்லக்கனி கொழுந்துக்குப் போனபிறகு, ரோசம்மா மிதுனாவை மடியில் வைத்துக்கொண்டு, தன் புருஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாயில் கிடந்து பதினாறு நாள் செத்ததைச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளை கண்ணை அகல விரித்துக் கேட்டது, ம், அப்புறம் என்றது, முடிந்ததும் முழுசாகத் திருப்பிச் சொன்னது. ரோசம்மா எழுந்துபோய் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள், ஒன்பது வருஷத்தில் முதல்தடவையாகச் சுவர்ப்பக்கம் திரும்பாமல் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். புருஷன் எப்படிப் போனார் என்று கேட்டால், போனார் என்பாள், அவ்வளவுதான்.

அப்புறம் என்ன, ஏழாவது வீட்டுத் தங்கையா வந்தான். ஃபேக்டரியில் ரோலரில் சிக்கி இரண்டு விரல் போனவன், மழை பிடித்தால் இல்லாத விரல் இரண்டும் வலிக்கும், அந்த வலியைச் சொல்லிக்கொடுத்துவிட்டு அவன் கையை வீசிக்கொண்டு போனான். அதற்கப்புறம் வரிசைதான். அந்த லைனில் தண்ணீருக்கு முறை உண்டு, மாரியம்மன் கோயில் விளக்குக்கு முறை உண்டு, தட்டு தட்ட முறை உண்டு, ஆகவே இதற்கும் ஒரு முறை வைத்தார்கள், குழாயடிச் சுவரில் கரிக்கட்டியால் வீட்டு நம்பரையும் கிழமையையும் எழுதினார்கள். ஒழுங்கும் பண்ணினார்கள்: பிள்ளை சாப்பிடும்போது சொல்லக்கூடாது, அரைமணி நேரத்துக்கு மேல் கூடாது, குரல் உயர்த்தக்கூடாது, சொல்கிறவர் அழக்கூடாது, முடிந்ததும் கையில் ஒரு பிஸ்கட் கொடுக்கவேண்டும். கோயம்புத்தூர்க்காரி சொன்னாளே, நோகடிக்காத படிப்பு, அதுதான் இது என்று ஒருவருக்கொருவர் மனசாரச் சொல்லிக்கொண்டார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாரம் தூக்கித் தூக்கித் தோள் காய்த்துப்போனவர்களிடம், இந்தா இறக்கிவை என்று ஒரு இடத்தைக் காட்டினால், அந்த இடம் எவ்வளவு சின்னது என்றா பார்ப்பார்கள்?

செல்லக்கனியிடம் கதை சொல்கிறோம் என்றார்கள். அவளும் தெரிந்தும் தெரியாததுபோல இருந்துவிட்டாள். பிள்ளைக்குப் பாடம் கிடைத்தது, தன்னிடமிருந்து எதுவும் குறையவில்லை, சாயங்காலம் வந்தால் பிள்ளை மடியில் வந்து உட்கார்ந்தது, போதாதா என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வீடு ஒரு துக்கம் தனித்தனியாக இருந்தது, ஆனால் எல்லா வீட்டிலும் பொதுவாக ஒன்று இருந்தது. ரோசம்மாதான் மூன்றாம் முறையில் அதை முதலில் சொல்லிக்கொடுத்தாள்: பாதையோரப் புதருக்குள் சுபிக்ஷாவின் செருப்பைக் கண்டெடுத்தது, எத்தனையோ நாள் தானும் அந்த வளைவிலேயே திரும்பினது. அடுத்த வாரம் தங்கையா. அதற்கடுத்து கடைசி வீட்டுப் பூங்கொடி. நானும் அங்கதான் திரும்புவேன் கண்ணு, என் முறையில நடந்திருக்க வேண்டியது என்று பதினோரு வீட்டிலும் பதினோரு பேர் தணிந்த குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டு மறந்தார்கள். மறந்தபின் சுபிக்ஷா என்று ஒருத்தி அந்த லைனில் ஓடித் திரிந்ததும் அவர்களோடு சேர்ந்து மறைந்தது. ரோசம்மா பரணைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பள்ளிக்கூடப் பை கிடக்க, யாருதோ பழசு என்று அடுப்பெரிக்கப் போட்டாள். தட்டு தட்டுகிற முறையும் தேய்ந்து நின்றது. எதுக்கு இந்தச் சத்தம், பிள்ளைகளுக்கு வழி தெரியாதா என்று பூங்கொடி கேட்டாள், யாருக்கும் பதில் தெரியவில்லை. பிள்ளைகள் தாங்களாகவே பனிக்குள் போனார்கள், தாங்களாகவே வந்தார்கள்.

இசக்கிமுத்து மட்டும் எந்தக் கிழமையும் எடுத்துக்கொள்ளவில்லை. உன் வீட்டுக்கும் முறை உண்டப்பா, நீயும் இறக்கிவைத்துவிடு என்று தங்கையா கூப்பிட்டுச் சொன்னான், எதை என்று அவனுக்கே தெரியாமல்தான் சொன்னான். “எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்” என்று சொல்லிவிட்டு இசக்கிமுத்து லாரியில் ஏறிவிட்டான். காலையில் பிள்ளைகள் கிளம்புகிற நேரத்துக்கு லாரியை எப்படியாவது அந்தப் பாதையில் விட்டு, ஊர்ந்து ஊர்ந்து அவர்கள் பின்னால் போவான். சாயங்காலம் அவனால் முடியாது, கொழுந்து இறக்குகிற நேரம்.

மிதுனா மாறியதை முதலில் பிஸ்கட்தான் காட்டிக்கொடுத்தது. செல்லக்கனி பாயை உதறும்போது தின்னாத பிஸ்கட் பதினெட்டு விழுந்தது. அப்புறம் கவனித்துப் பார்த்தாள். நாலு வயசுப் பிள்ளை கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தது. மழை வந்தால் இடதுகை விரல் இரண்டை வலதுகையால் பொத்திக்கொண்டது. வாசலில் யார் போனாலும், பாத்துப் போங்க என்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிசு, காலையில் எழுந்து இன்னைக்கு என்ன பாடம் என்று அது கேட்பதை நிறுத்தி எவ்வளவு நாளாயிற்று என்று செல்லக்கனி யோசித்தாள். பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று புருஷனிடம் கேட்டாள். நிறையப் படிச்சிருச்சு என்றான் அவன்.

செல்லக்கனி குழாயடிக்குப் போய்ச் சுவரில் இருந்த முறைக் கணக்கை ஈரத்துணியால் அழித்தாள். இனி யாரும் என் பிள்ளைக்கு எதையும் சொல்லவேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். யாரும் சண்டைக்கு வரவில்லை, அவர்களிடம் சொல்வதற்கும் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனால் உள்ளே போனதை எப்படி வெளியே எடுப்பது? அதைக் காட்டிக்கொடுத்தது விளையாட்டுத்தான். பிள்ளையைச் சிரிக்கவைக்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நீ டீச்சர், நான் பிள்ளை, எனக்கு ஏதாவது சொல்லிக்கொடு என்று செல்லக்கனி சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மிதுனா யோசித்துவிட்டுப் பூண்டை எடுத்து, தலையைத் தட்டி, பல்லைப் பிரித்து, தோலை நகத்தால் இழுத்துக் காட்டியது. செல்லக்கனி அதேபோல் செய்தாள். கைக்குப் பழசெல்லாம் திரும்பி வந்துவிட்டது, அவள் மடமடவென்று உரித்துத் தள்ளினாள். மிதுனா தன் கையிலிருந்த பூண்டை ஏதோ கூழாங்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தது. அப்புறம் சிரித்தது. எத்தனையோ நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் செல்லக்கனிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

எழுத்தை அவள் திருப்பிக் கேட்கவில்லை. அது பிள்ளையிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். மற்றதைக் கேட்டாள். வேலையிலிருந்து வந்து கைகால் கழுவியதும், கதவைச் சாத்திக்கொண்டு, தினம் ஒன்றாக, டீச்சர் இன்னைக்கு என்ன பாடம் என்று பிள்ளை முன்னால் உட்கார்ந்தாள். மிதுனா சொல்லும், அவள் திருப்பிச் சொல்வாள், வந்து இறங்கிவிடும். தங்கையாவின் விரல் வலி வந்தது, அவளுக்கு விரல் இருந்தும் வலித்தது. ஆஸ்பத்திரி வராந்தா வந்தது, பதினாறு நாளும் வரிசையாக வந்தது. பூங்கொடி பெறுமுன்னே செத்த பிள்ளை வந்தது. ஒவ்வொன்று இறங்க இறங்க மிதுனாவின் முதுகு நிமிர்ந்தது, ஒரு நாள் பிஸ்கட் கேட்டது, ஒரு நாள் ஒற்றைக்காலில் நொண்டியடித்துக்கொண்டு குழாயடிவரை போனது. செல்லக்கனி கறுத்துப்போனாள். கொழுந்துக் கூடையைச் சுமக்கிற இடத்தில் இப்போது இன்னொன்றும் இருந்தது, அதை எடை போட யாரும் இல்லை.

அந்தப் பாடங்களில் ஒரு பெண்பிள்ளை வந்துகொண்டே இருந்தாள். ரோசம்மா பாடத்தில் அவள் செருப்பு கிடந்தது, தங்கையா பாடத்தில் அவளைத் தேடி டார்ச் அடித்தார்கள், பூங்கொடி பாடத்தில் முன் பல் இல்லாமல் சிரித்து, அத்தை, கொய்யாப்பழம் குடுங்க என்று கேட்டாள். எல்லாப் பாடத்திலும் அந்த வளைவு இருந்தது, எல்லாரும் அதில் திரும்பினார்கள். செல்லக்கனி அந்தத் தெரியாத பிள்ளைக்காக அழுதாள், அதைப் பெற்றவளை நினைத்து இன்னும் அழுதாள், பாவி, எப்படித் தாங்கினாளோ என்றாள். ரோசம்மாவிடம் போய் அது யார் வீட்டுப் பிள்ளை அக்கா என்று கேட்டாள். எந்தப் பிள்ளைடி, நம்ம லைன்ல அப்படி எதுவும் நடக்கலியே என்று ரோசம்மா சத்தியமாகச் சொன்னாள். புருஷனிடம் கேட்டாள். அவன் பாதிச் சோற்றில் எழுந்து கைகழுவப் போனான், போனவன் வெகுநேரம் வரவில்லை. அப்போதே அவளுக்கு ஏதோ தட்டுப்பட்டது, ஆனால் அந்தப் பக்கம் மனசைத் திருப்பப் பயமாக இருந்தது.

பதினோரு வீடும் முடிந்த மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. மத்தியானம் மிதுனாவுக்குச் சோறு ஊட்டி முடித்து, அவ்வளவுதானே, எல்லாப் பாடமும் முடிந்ததா டீச்சர் என்று கேட்டாள். மிதுனா கையைப் பின்னால் கட்டிக்கொண்டது.

“இன்னும் ஒண்ணு இருக்கு. அது வேண்டாம்மா.”

“யார் சொல்லிக்குடுத்தது?”

“நீதான்.”

செல்லக்கனி யோசித்துப் பார்த்தாள். தான் எழுத்தும் பூண்டும் துணியும் தவிர எதுவும் சொல்லிக்கொடுத்ததாக அவளுக்கு நினைவே இல்லை, ஆனால் பிள்ளை பொய் சொல்லாது என்று அவளுக்குத் தெரியும். அது கனமா இருக்கா கண்ணு என்று கேட்டாள்.

“ம். இருக்கட்டும், நான் பிடிச்சுக்கறேன்.”

அவள் எழுந்துபோயிருக்கலாம். இதை இங்கே சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அந்த நிமிஷம் அவள் மனசும் அதைத்தான் சொன்னது. பிள்ளை சிரிக்கிறது, ஓடுகிறது, தின்கிறது, ஒன்றே ஒன்று உள்ளே இருந்துவிட்டுப் போகட்டுமே, இத்தனை நாள் அது பத்திரமாகத்தானே வைத்திருந்தது என்று மனசு கெஞ்சியது. மிதுனா நின்ற நிற்பைப் பார்த்தாள். தண்ணீர் நிரம்பிய குடத்தை ஏந்தினவள், ஒரு சொட்டும் தாய்மேல் தெறித்துவிடக்கூடாது என்று நிற்கிறதுபோல் அது நின்றது. இத்தனை நாளும் இப்படியா நின்றாய் என் தாயே என்று செல்லக்கனி அதன் கையை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“குடும்மா. அம்மா வாங்கிக்கறேன்.”

மிதுனா அவள் எதிரில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தது, ஒரு கவளத்துக்கும் அடுத்த கவளத்துக்கும் இடையில் நிறுத்துகிறதுபோல் நிறுத்தி நிறுத்தி, செல்லக்கனியின் குரலிலேயே சொன்னது. அக்காவுக்கு அன்னைக்கு நான்தான் சடை பின்னினேன், ஒண்ணு கோணலாப் போச்சு, சாயங்காலம் வந்து சரி பண்றேன்னு சொன்னேன். கூரை தெரிஞ்சுது, நான் திரும்பிட்டேன். அம்மான்னு ஒரு சத்தம் கேட்டுச்சு, டாட்டா சொல்றாள்னு நினைச்சு, திரும்பிப் பாக்காம கையை மட்டும் ஆட்டினேன்.

செல்லக்கனி ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொன்னாள். கடைசி வரியைச் சொல்ல அவளுக்கு நாக்கு புரளவில்லை, மூன்று தடவை முயன்று சொன்னாள், சொன்னதும் சுபிக்ஷா வந்துவிட்டாள், பிறந்த அன்றைக்கு இருந்த சூட்டோடு, காய்ச்சலில் உளறியதோடு, விழுந்த பல்லைக் கூரைமேல் எறிந்ததோடு, ஏழு வருஷமும் ஒரே மூச்சில் வந்தன, அவற்றின் முடிவும் கூடவே வந்தது. தரையில் சாய்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். தாங்கமுடியாத வலி அது, அதற்கு மேல் சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. ஒன்றே ஒன்றுதான் முன்னைப்போல இல்லை. மற்ற பதினோரு பேரும் அதே வளைவில் திரும்பினவர்கள் என்பது இப்போது அவளுக்குத் தெரியும், அவர்களுக்கே தெரியாதது அவளுக்குத் தெரியும்.

மிதுனா முழங்காலிட்டு அவள் கண்ணைத் துடைத்தது. ஏம்மா அழற, யாராச்சும் அடிச்சாங்களா என்று கேட்டது. அந்தப் பிள்ளைக்கு அக்கா என்று ஒருத்தி இருந்ததே இனித் தெரியாது. தெரிந்ததெல்லாம் துக்கமாகத் தெரிந்ததால், துக்கத்தோடு அக்காவும் போய்விட்டாள். விளையாடப் போகட்டுமா என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வாசலுக்கு ஓடிற்று.

செல்லக்கனி தலைதூக்கியபோது மணி மூன்று. பள்ளிக்கூடம் விட இன்னும் முக்கால் மணி, வெளியே பனி இறங்கியிருந்தது, தட்டு எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. அவள் எழுந்து ஓடினாள். வாசலில் மிதுனா குத்தவைத்து, சிந்தின சோற்றுப் பருக்கையை எறும்புகள் எப்படித் திருப்பித் திருப்பி இழுத்துப் போகின்றன என்று உற்றுப் பார்த்துத் தானும் ஒரு குச்சியை அதேபோல் இழுத்துக்கொண்டிருந்தது, எந்த எறும்பும் வழி மறக்கவில்லை. இதல்லவா பிள்ளைக்குப் படிப்பு என்று அந்த ஓட்டத்திலும் அவளுக்குத் தோன்றியது. மிதுனாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வளைவையும் தாண்டி, பள்ளிக்கூட கேட்டுவரை போய் நின்றாள். லைன் பிள்ளைகள் ஒன்பது பேரையும் முன்னால் விட்டு, தான் கடைசியாக, தொண்டை கட்டுகிறவரை ஹோ ஹோ என்று கத்திக்கொண்டே நடந்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள். குழாயடியில் ரோசம்மா, உனக்கு என்னடி பைத்தியமா என்றாள். செல்லக்கனி எல்லார் முகத்தையும் பார்த்தாள், அத்தனை தெளிவான முகங்கள். நாளையிலிருந்து மறுபடி முறை, வளைவில் திரும்பக்கூடாது, கேட்டுவரை போகவேண்டும் என்றாள். ஏன் என்று கேட்க வாயெடுத்தவர்கள், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமல் தலையை ஆட்டினார்கள்.

இருட்டுமுன்னே இசக்கிமுத்து வந்தான். சட்டையில் கொழுந்து வாடையோடு குழாயடியில் குனிந்து முகம் கழுவிக்கொண்டிருந்தான். அந்த லைனில் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமில்லை, மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னார் அப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். செல்லக்கனி ஒன்றரை வருஷமாக அவனை மிது அப்பா என்று கூப்பிட்டாள், ஒவ்வொரு தடவையும் அவனும் திரும்பிப் பார்த்தான். இன்றைக்கு அவள் வாசலில் வந்து நின்றாள்.

“சுபிக்ஷா அப்பா, சாப்பிட வாங்க.”

அவன் நிமிரவில்லை. குனிந்தவன் அப்படியே மண்டியிட்டு, குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒன்றரை வருஷமாக அடக்கினதையெல்லாம் கொட்டி ஓவென்று அழுதான். செல்லக்கனி ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள், அவளும் சேர்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். பதினோரு வீட்டுக்காரர்களும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, யார் வீட்டில் சாவு என்று ஒருவரையொருவர் கேட்டார்கள்.